டிப்ளமோவா, பி.எஸ்சி.யா? நர்சிங் சேருமுன் வார்டைப் போய்ப் பாருங்கள்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "சிஸ்டர், பாப்பாவுக்கு ஜி.எச்.ல இருக்கிற நர்சிங் ஸ்கூல்ல டிப்ளமோ கிடைக்கும்போல இருக்கு. தனியார் காலேஜ்ல பி.எஸ்சி. சீட் இப்பவே தர்றேங்கிறாங்க. டிகிரிதானே பெருசு, அதுலயே சேர்த்துடலாமா?"

பாப்பா எந்த ஆஸ்பத்திரி வார்டில் பழகப் போகிறாள் என்பதை முதலில் விசாரியுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டிப்ளமோவா பட்டமா என்பதை அதற்குப் பிறகு பேசலாம். வருடக் கணக்கில் மாணவிகளை வார்டில் பக்கத்தில் வைத்து வேலை பழக்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல வார்டில் பழகிய டிப்ளமோ பெண், வார்டையே ஒழுங்காகப் பார்க்காத பட்டதாரிப் பெண்ணைவிட முதல் நாளிலேயே தைரியமாக நிற்பாள். படிப்புச் சுமையை அவளால் தாங்க முடியுமா என்பதையும் பாதிக்குமேல் அந்த ஆஸ்பத்திரிதான் தீர்மானிக்கிறது. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

முதலில் எவையெல்லாம் செவிலியர் படிப்பு என்று பார்த்துவிடலாம். ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. கலைப்பிரிவு படித்தவர்களும் சேரலாம். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகும் பாதை அது. சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். கர்ப்பிணிகளைப் பதிவதும், தடுப்பூசி போடுவதும், வீடு வீடாகப் போவதும் வேலை. கிராமத்தில் வேலை செய்யவே பிடிக்கும் என்கிற பெண்ணுக்கு இது மதிப்பான வழி. டி.ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ மூன்று ஆண்டு. முன்பு மூன்றரை ஆண்டாக இருந்தது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இவை தவிர, ஊருக்கு ஊர் சுவரில் விளம்பரம் ஒட்டியிருக்கும் ஓராண்டு 'நர்சிங் அசிஸ்டென்ட்' சான்றிதழ் படிப்புகள் உண்டு. அவற்றை முடித்தவர்கள் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. வெள்ளைச் சீருடை, தொப்பி, போட்டோ எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பதிவு எண் கிடைக்காது. ஏழை வீட்டுப் பெண்கள் இதில் சேர்ந்துவிட்டு, பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகும்போதுதான் விஷயம் தெரிந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டிப்ளமோவும் பட்டமும் எங்கே பிரிகின்றன

வேலையின் தொடக்கத்தில் பெரிதாகப் பிரிவதில்லை. இரண்டு பேரும் தமிழ்நாடு செவிலியர், தாதியர் குழுமத்தில், அதாவது எங்கள் பேச்சில் கவுன்சிலில், ஒரே மாதிரி பதிவு செய்கிறார்கள். எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர் பணிக்கு ஆள் எடுக்கும்போது இரு தரப்பும் ஒரே தேர்வை எழுதுகிறார்கள், ஒரே பணியில் சேர்கிறார்கள். தொகுப்பூதியத்தில் தொடங்கி நிரந்தரத்துக்குக் காத்திருக்கும் காலமும் இருவருக்கும் பொது. தனியார் ஆஸ்பத்திரியில் பட்டதாரிக்குச் சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் நான்காண்டு செலவை ஈடுகட்டும் அளவுக்கு அந்த வித்தியாசம் இருப்பது அபூர்வம்.

பிரிவது மூன்று இடங்களில். ஒன்று, மத்திய அரசு வேலை. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்த கையோடு எழுதலாம். டிப்ளமோ முடித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். ஏழாவது ஊதியக் குழுப்படி அந்தப் பணியின் அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய் என்பதால் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஆனாலும் இரண்டாண்டு அனுபவத்தோடு கதவு திறந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, ஆசிரியர் வேலையும் மேல்படிப்பும். எம்.எஸ்சி. நர்சிங் போகப் பட்டம் வேண்டும். டிப்ளமோ முடித்தவர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து அங்கே வந்து சேரலாம். மூன்றும் இரண்டும் ஐந்து ஆண்டு. நேரடிப் பட்டத்தைவிட ஒரு வருடம்தான் கூடுதல். நடுவில் வேலை பார்த்துச் சம்பாதித்துவிட்டு, அந்தப் பணத்திலேயே படிக்கவும் முடியும். என்னோடு வேலை பார்த்தவர்களில் தம்பியைப் படிக்க வைத்துவிட்டுப் பிறகு போஸ்ட் பேசிக் போனவர்கள் உண்டு. அவர்களிடம் ஒரு பக்குவம் இருக்கும். வகுப்பில் பாடம் நடக்கும்போதே அவர்கள் மனசில் ஒரு நோயாளியின் முகம் வந்துவிடும்.

மூன்றாவது, வெளிநாடு. பிரிட்டனில் இரண்டுக்கும் பதிவு கிடைக்கும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் எழுதுவதில் 6.5, மற்றவற்றில் 7 எடுப்பதுதான் அங்கே பெரிய மலை. சவுதி சுகாதார அமைச்சக மருத்துவமனைகள் பெரும்பாலும் பி.எஸ்சி. கேட்கின்றன. வளைகுடா நாடுகளில் பொதுவாகவே இரண்டாண்டு அனுபவம் எதிர்பார்க்கிறார்கள். ஜெர்மனிக்கு அந்த மொழியை நன்றாகப் படித்தாக வேண்டும். வெளிநாடுதான் லட்சியம் என்று வீடே முடிவு செய்திருந்தால், பட்டத்துக்கு என் ஓட்டு. தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் செவிலியர்களை அனுப்புகிறது. ஏஜென்ட்டைத் தேடுமுன் அங்கே விசாரியுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு நான் பட்டத்தையே சொல்வேன். எய்ம்ஸ் தேர்வில் 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு. குறைந்த இடத்துக்குப் போட்டி போடும்போது, அனுபவத்துக்காக இரண்டாண்டு காத்திருப்பதும் சேர்ந்துகொள்ளக் கூடாது. அவசர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், மனநல வார்டு ஆகிய இடங்களில் நல்ல பையன்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

டிப்ளமோவை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று யாராவது பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். அப்படி ஒரு பேச்சு இந்திய நர்சிங் கவுன்சிலில் எழுந்தது உண்மை. டிப்ளமோ படிப்பு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முடித்துப் பதிவு செய்துகொண்டவர்களின் பதிவு எங்கும் போய்விடாது.

வார்டு எப்படி இருக்கிறது

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்சி. பாடத்திட்டம் 2021ஆம் ஆண்டிலிருந்து செமஸ்டர் முறைக்கு மாறியது. மொத்தம் எட்டு செமஸ்டர். அதில் பாடத்தை கிரெடிட் என்ற அளவில் கணக்கிடுகிறார்கள். ஒரு தியரி கிரெடிட், அதாவது வகுப்புப் பாடம், என்றால் 20 மணி நேரம். ஒரு கிளினிக்கல் கிரெடிட், அதாவது வார்டு பயிற்சி, என்றால் 80 மணி நேரம். தியரியில் 80 சதவீத வருகை போதும். கிளினிக்கலில் பட்டம் வாங்குமுன் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த நாளுக்கும் பிறகு ஈடு டூட்டி பார்த்தாக வேண்டும். டிப்ளமோவிலும் வார்டு நேரம்தான் பெரும்பங்கு. உங்கள் மகளின் மூன்று, நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில்தான் கழியும். அந்த ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் கட்டடத்தையும் கல்லூரிப் பேருந்தையும் பார்த்துச் சேர்ப்பது எனக்குப் புரிவதே இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஹாஸ்டலிலிருந்து நடந்தால் வார்டு. பாம்புக்கடி, தீக்காயம், சர்க்கரையால் அழுகிய கால், விஷம் குடித்தவர், இரட்டைப் பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று புத்தகத்தில் உள்ள அத்தனையும் அங்கே ஒரே வாரத்தில் வந்துவிடும். ஊசி போடவும், சிரையில் கேனுலா என்ற சிறு குழாய் ஏற்றவும், டிரெஸ்ஸிங் செய்யவும், சிறுநீர் டியூப் வைக்கவும் கை பழகிவிடும். சென்னையில் இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பழகுவது தமிழ்நாட்டில் நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறை இருக்கும் வார்டில் மாணவியைக் கூடுதல் கையாகத்தான் பார்ப்பார்கள். பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்கும் ஓட விடுவார்கள். டியூட்டர் கூட வந்து நின்று சொல்லித் தருவது எல்லா நாளும் நடக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் துணிச்சல் இல்லாத பெண், வேலை பழகிவிடுவாள், ஏன் அப்படிச் செய்கிறோம் என்ற காரணம் தெரியாமல் வெளியே வந்துவிடுவாள்.

சொந்த ஆஸ்பத்திரி இல்லாத, அல்லது பேருக்கு ஒன்றை வைத்திருக்கும் தனியார் கல்லூரியில் என்ன நடக்கிறது? விதிப்படி 100 படுக்கை உள்ள தாய் மருத்துவமனை வேண்டும். மூன்று நோயாளிக்கு ஒரு மாணவி என்ற கணக்கும் இருக்கிறது. நடைமுறையில் பல கல்லூரிகள் அரசு ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டி மாணவிகளை அனுப்புகின்றன. ஒரே வார்டில் நாலைந்து கல்லூரிச் சீருடைகள். ஒரு தாத்தாவுக்கு பி.பி. பார்க்கப் பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள். அவர் பாவம், கையை நீட்டி நீட்டி அலுத்துப் போவார். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து, ஒன்றரை மணி நேரம் பேருந்தில் வந்து, வார்டில் நின்றுவிட்டு, மறுபடி ஒன்றரை மணி நேரம் பயணம், மத்தியானம் வகுப்பு, ராத்திரி ரெக்கார்டு. படிப்பு கஷ்டம் என்று பெண்கள் அழுதுகொண்டு சொல்லும்போது, தினமும் எவ்வளவு தூரம் போய் வருகிறாய் என்று நான் முதலில் கேட்பேன். பல பேருக்கு அனாடமி கஷ்டமாக இருப்பதில்லை. அதைப் படிக்க நேரமும் தெம்பும் மிஞ்சவில்லை என்பதுதான் பிரச்சினை.

பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரி நடத்தும் கல்லூரி பளிச்சென்று இருக்கும். நவீன ஐ.சி.யு., வென்டிலேட்டர், நோய்த்தொற்றுத் தடுப்பு, ஆவணப்படுத்துவது எல்லாம் ஒழுங்காகக் கற்றுத் தருவார்கள். ஆனால் பணம் கட்டிப் படுத்திருக்கும் நோயாளி, மாணவி ஊசி போட வந்தால் "ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்க" என்பார். அது அவர் உரிமை. விளைவு, மாணவி ஓரமாக நின்று பார்த்தே காலம் போகும். அங்கே சேர்வதாக இருந்தால் இலவசப் பிரிவோ பொது வார்டோ உண்டா, பிரசவம் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பிரசவ வார்டு பயிற்சிக்கு நோயாளிகள் போதாத கல்லூரிகள் ஏராளம்.

அரசு ஆஸ்பத்திரிக்கும் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இருப்பவை பழைய மிஷன் ஆஸ்பத்திரிகளும் சில அறக்கட்டளை மருத்துவக் கல்லூரிகளும். வேலூர் சி.எம்.சி.யில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. இத்தகைய இடங்களில் ஏழை நோயாளிகளும் இருக்கிறார்கள், கூட நின்று கற்றுத்தரும் மூத்த சிஸ்டர்களும் இருக்கிறார்கள். கண்டிப்பு அதிகம். கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள் என்பேன், டிப்ளமோவானாலும் சரி, பட்டமானாலும் சரி.

ஆகவே என் வரிசை இது: அரசு பி.எஸ்சி. கிடைத்தால் அதுதான் முதல். அந்த இடங்கள் குறைவு, கட்-ஆஃப் ஏறி நிற்கும். அடுத்தது, நல்ல மிஷன் அல்லது பொது வார்டு நிறைந்த மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பி.எஸ்சி., குடும்பத்தால் பணம் கட்ட முடியும் என்றால். அது முடியாவிட்டால் அரசு டிப்ளமோ. ஆஸ்பத்திரி இல்லாத தனியார் பி.எஸ்சி.யைக் கடன் வாங்கிப் படிப்பது எல்லாவற்றுக்கும் கீழே. பலர் இந்தக் கடைசி இரண்டையும் தலைகீழாக மாற்றி வைக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகையில் பி.எஸ்சி. என்று போட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீட் எழுதிய மதிப்பெண் வீணா?

தமிழ்நாட்டில் அரசுக் கலந்தாய்வு வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். கிடைக்காத பெண்களுக்கு வீட்டில் தோற்றுப்போனது போன்ற ஒரு முகம் காட்டுகிறார்கள், அது அநியாயம். அந்த நீட் மதிப்பெண்ணுக்கும் பயன் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை நீட் மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. ராணுவச் செவிலியர் சேவைக்கான பி.எஸ்சி. நர்சிங் படிப்புக்கும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். பெண்களுக்கு மட்டுமான படிப்பு அது. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ராணுவ மருத்துவமனைக் கல்லூரிகளில் நடக்கிறது. படிப்பு இலவசம், முடித்ததும் லெப்டினன்ட் பதவி, அதற்கு ஈடாகச் சேவை செய்வதாக ஒப்பந்தம். உடல் தகுதியும், எங்கே அனுப்பினாலும் போகும் மனமும் இருந்தால் இதற்கு நிகரான வாய்ப்பு குறைவு. எய்ம்ஸில் பி.எஸ்சி. ஹானர்ஸ் நர்சிங்கிற்குத் தனி நுழைவுத்தேர்வு. நம் அரசுப் பள்ளிகளில் இந்த மூன்றையும் பற்றிச் சொல்ல ஆளில்லாததால், எழுதத் தகுதியான பெண்கள் விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் பக்கத்துத் தெருப் பெண்ணிடமாவது சொல்லுங்கள்.

நர்சிங்தான் என்று முடிவான பெண்ணை, மறுபடி நீட் எழுது என்று இன்னொரு வருடம் உட்கார வைப்பதை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பணக் கணக்கு

அரசு இடத்தில் படிப்புக் கட்டணம் பெரிய சுமை இல்லை. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், டிப்ளமோவுக்கும் உண்டு. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வருமானச் சான்றும் சாதிச் சான்றும் மே மாதமே கையில் இருக்கட்டும்.

தனியாரில் கல்லூரி சொல்லும் ஆண்டுக் கட்டணத்தை நான்கால் பெருக்கினால் கணக்கு முடியாது. ஹாஸ்டல், பேருந்து, சீருடை, ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், 'கிளினிக்கல் கட்டணம்', மனநல ஆஸ்பத்திரிக்கும் கிராமத்துக்கும் போகும் போஸ்டிங் செலவு என்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை பிணை கேட்காமல் தருவார்கள். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். அந்த ஓராண்டில் உங்கள் மகள் எவ்வளவு சம்பாதிப்பாள் என்பதுதான் கேள்வி. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016இல் ஒரு பரிந்துரை செய்தது: 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி அரசு நர்ஸுக்குச் சமமாகச் சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்கும் குறைந்த இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று. தமிழ்நாட்டுச் சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் புதிதாகச் சேரும் பெண்களில் எத்தனை பேர் அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். இந்தச் சம்பள விஷயம் எனக்கு ஆறாத கோபம். இவ்வளவு பொறுப்பான வேலைக்கு இவ்வளவு குறைவாகக் கொடுக்கும் ஊரில், கடன் சுமையையும் இருபத்தோரு வயதுப் பெண் தலையில் ஏற்றி அனுப்பாதீர்கள்.

கர்நாடகாவுக்கு அனுப்புகிறோம், ஏஜென்ட் எல்லாம் பார்த்துக்கொள்வார் என்பவர்களுக்கு: அங்கே நல்ல கல்லூரிகள் உண்டு. ஆனால் ஏஜென்ட் சொல்லும் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கிறது, அந்த மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். படித்து முடித்து இங்கே வேலை பார்க்கத் தமிழ்நாடு கவுன்சிலில் மறுபடி பதிய வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்த்ததும் திரும்பத் தரும் கல்லூரியா என்று கேளுங்கள். பாதியில் நிறுத்த நினைத்த பெண்களை அசல் சான்றிதழை வைத்தே கட்டிப்போட்ட கதைகள் நிறைய.

சுமை எந்தப் படிப்பில் அதிகம்?

இரண்டிலும் அதிகம்தான். ஆனால் விதம் வேறு. டிப்ளமோவில் ஆண்டுத் தேர்வு. உயிர் அறிவியல், உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படை, சமூக சுகாதாரம் என்று வருடம் முழுவதும் நடந்ததை ஒரே மூச்சில் எழுத வேண்டும். வார்டு வேலையில் மூழ்கி, கடைசி இரண்டு மாதத்தில் புத்தகத்தைத் திறப்பவர்கள் தடுமாறுவார்கள். பி.எஸ்சி.யில் ஆறு மாதத்துக்கு ஒரு தேர்வு, பாடம் துண்டு துண்டாக வரும், தேர்ச்சிக்கு 50 சதவீதம் வேண்டும். இன்டர்னல், அசைன்மென்ட், செமினார் என்று மூச்சு விட நேரமிருக்காது. மூன்றாவது, நான்காவது செமஸ்டரில் மருந்தியலும் நோயியலும் மருத்துவ அறுவை நர்சிங்கும் ஒன்றாக வரும்போது பலர் துவண்டு போகிறார்கள். தள்ளிப்போடும் பழக்கம் உள்ள பெண்ணுக்கு செமஸ்டர் முறை ஒரு வகையில் நல்லது, தள்ளிப்போட விடாது. நின்று நிதானித்துப் படிப்பவளுக்கு டிப்ளமோவின் ஆண்டு முறை ஒத்துவரும்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் இரண்டிலும் கடினம். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். ஆனால் வார்டில் நோயாளி தமிழில்தான் பேசுவார், "நெஞ்சு கரிக்குது", "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று. அதைப் புரிந்துகொள்வதில் கிராமத்துப் பெண்ணுக்கு நிகர் யாருமில்லை. அதனால் ஆங்கிலம் வரவில்லை என்று முதல் மாதமே வீட்டுக்குப் பெட்டியைக் கட்ட வேண்டாம். தினம் பத்து மருத்துவச் சொற்களைப் பிரித்துப் படித்தால், அரையாண்டில் பாடப்புத்தகம் பழகிவிடும். அந்த ஆங்கிலம் திரும்பத் திரும்ப ஒரே சொற்களில்தான் சுற்றுகிறது.

ரெக்கார்டு பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். கேர் பிளான், கேஸ் ஸ்டடி, மருந்துப் புத்தகம், ப்ரொசீஜர் நோட்டு, மகப்பேறு பதிவேடு. இவற்றை ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுபவள் ஒருபோதும் முடிக்க மாட்டாள். சீருடைப் பாக்கெட்டில் சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, நோயாளி பக்கத்தில் நிற்கும்போதே பல்ஸ், பி.பி., கொடுத்த மருந்து, அவர் சொன்ன தொந்தரவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளி பெயரை மட்டும் எழுத வேண்டாம். அன்றைய நோயாளிக்குக் கொடுத்த மருந்தை அன்றே படித்தால் மருந்தியல் பாதி முடிந்துவிடும். ஃப்ரூசமைடு கொடுத்த பாட்டி இரவு முழுக்க பாத்ரூம் போனதைப் பார்த்தவளுக்கு அது என்ன வகை மருந்து என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து அப்படியே எழுதும் வழக்கம் எல்லா ஹாஸ்டலிலும் உண்டு. நேரம் மிச்சமாகும், ஆனால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வாய் திறக்க முடியாது.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். கிளினிக்கல் போகுமுன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை போட வேண்டும். இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாவது மாதத்தில். கல்லூரி ஏற்பாடு செய்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள். செய்யாவிட்டால் நீங்களே போட்டு அனுப்புங்கள். ஊசி குத்திவிட்டால் திட்டுவார்கள் என்று மறைக்கும் மாணவிகள் இன்னும் இருக்கிறார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. இது மகளுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயந்துபோய் அவள் முதலில் கூப்பிடுவது உங்களைத்தான்.

முதல் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவது சகஜம், சில வாரத்தில் போய்விடும். முதல் மரணம் அவ்வளவு எளிதில் போகாது. நேற்று சாப்பாடு ஊட்டிய ஆளை இன்று கட்டி அனுப்ப வேண்டி வரும். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இது பெரிய அடி. அன்று ராத்திரி போன் செய்தால், "படிக்கிற வேலையைப் பாரு" என்று சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கமே வராமல், சாப்பிடப் பிடிக்காமல் நாள் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104லும் பேசலாம். வீட்டை விட்டு வந்த ஏக்கம், கண்டிப்பான வார்டன், சீனியர் அதட்டல் எல்லாம் சேரும்போது, வீட்டுக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் கல்லூரி சில பெண்களுக்கு உண்மையிலேயே நல்லது. வாரக் கடைசியில் ஒரு நாள் அம்மா சமையல் சாப்பிட்டால் அடுத்த வாரம் தாங்குவார்கள். தூரத்தில் உள்ள பேர்பெற்ற கல்லூரிக்கும் பக்கத்தில் உள்ள சுமாரான அரசுப் பள்ளிக்கும் இடையே முடிவு செய்யும்போது மகளின் சுபாவத்தையும் கணக்கில் சேருங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்.

சேருமுன் ஒரு நாள்

நோட்டீஸ் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு, கல்லூரியின் அலுவலகத்துக்குப் போகாமல், அதன் மாணவிகள் டூட்டி பார்க்கும் ஆஸ்பத்திரிக்குக் காலை பத்து மணிக்குப் போங்கள். புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து பாருங்கள். மாணவிகள் நோயாளியிடம் பேசுகிறார்களா, சுவரோரம் கூட்டமாக நிற்கிறார்களா, கூட டியூட்டர் இருக்கிறாரா? டீக்கடையில் இரண்டாம் ஆண்டுப் பெண்கள் நின்றால் கேளுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், போன செமஸ்டரில் எத்தனை பேர் பாஸ், நைட் டூட்டிக்கு அடுத்த நாள் வகுப்பு வைக்கிறார்களா, பிரசவம் எத்தனை பார்த்தீர்கள். மறைக்கத் தெரியாத வயது, உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக, இந்த மாதங்களில் பெற்றோரை அதிகம் படுத்துவது நாள் கணக்கு. தனியார் கல்லூரிகள் மே, ஜூனிலேயே முன்பணம் கேட்கும். அரசுக் கலந்தாய்வு மருத்துவச் சேர்க்கையை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். இடையில் உள்ள மாதங்களில், "சீட் போயிடும்" என்ற ஒரு போன் போதும், குடும்பம் கலங்கிப் பணத்தைக் கட்டிவிடுகிறது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தளத்தில் அறிவிப்பு வரும் நாளை அடிக்கடி பாருங்கள். பி.எஸ்சி.க்கும் டிப்ளமோவுக்கும் தனித்தனி விண்ணப்பம், இரண்டையும் போடுங்கள். எந்தப் பாடப்பிரிவுக்குத் தகுதி என்பதை அந்த ஆண்டின் விளக்கக் கையேட்டில் படியுங்கள், போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை நம்ப வேண்டாம். தனியாரில் முன்பணம் கட்டியே ஆக வேண்டிய நிலை என்றால், அரசு இடம் கிடைத்தால் எவ்வளவு திருப்பித் தருவோம் என்பதைக் கல்லூரி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கல்லூரியை விட்டுவிடலாம். முதல் சுற்றில் பெயர் வராவிட்டாலும் இரண்டாவது சுற்று வரை பொறுங்கள். எம்.பி.பி.எஸ்.சும் பி.டி.எஸ்.சும் கிடைத்தவர்கள் நர்சிங் இடத்தை விட்டுவிட்டுப் போவார்கள். அந்த இடங்கள் அப்போதுதான் கீழே இறங்கி வரும்.